பாட்டிலில் அடைத்த மூச்சு

வீராம்பட்டினம் கடற்கரையில் பந்தல். பந்தலுக்குள் சாமியார் பிராணானந்தர். வெளியே பாதிப் புதுச்சேரி! மூலக்குளத்திலிருந்து காரில் வந்தவர்களும் வரிசையில் நின்றார்கள். படித்தவர்கள் அல்லவா, வரிசை தவற மாட்டார்கள்.

சாமியார் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டுவார். "மூச்சை அடக்கு, பாவம் தெரியும்" என்பார். எண் இறங்கும். பிறகு பிராணத் தீர்த்தம் ஒரு மடக்கு, எண் ஏறும். கடலில் மூழ்கி வலை எடுக்கிற ஊராச்சே, மூச்சடக்கச் சொன்னால் விடுவார்களா? போட்டி போட்டு அடக்கினார்கள். அதிகம் அடக்கியவன் அதிகப் பாவி. அவன் தலையில் இரண்டு பாட்டில் தீர்த்தத்தைக் கட்டிக் காசு வாங்குவார்.

மீன் விற்கும் அஞ்சலாட்சிக்கு இது வேடிக்கை இல்லை. கணவன் பலராமனுக்குச் சிறுநீரகக் கோளாறு. ரத்தம் குறைந்து, நாலு எட்டு வைத்தால் இளைப்பு. ரத்தம் ஊற ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வந்தார்கள். "ஊசியை நிறுத்து, தீர்த்தம் போதும்" என்றார் சாமியார். நிறுத்திவிட்டாள், பாவம். இப்போது அவன் வாசலுக்கே உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தான்.

மீன் வாங்க வந்த நர்ஸ் வெரோனிகா பதறிப்போனாள்.

"இன்னாடி பண்ணி வச்சிருக்க? உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு தமுக்குக்காரனை அனுப்பிக்கினே இருக்கும். ஆக்சிஜன் இருந்தா, அவன் தமுக்கைத் தொடறதுக்குள்ள செல்லே அவன் கதையை முடிச்சிடும். கொறைஞ்சா தப்பிச்சுப் போய் 'ஆக்சிஜன் பத்தல'ன்னு அடிப்பான். சிறுநீரகத்துல அவன் அடிச்சாதான், 'ரத்தம் செய்'னு எலும்புக்குத் தாக்கல் போவும். இவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போச்சு, தாக்கல் போவல. அந்தத் தாக்கல்தான்டி ஊசி!"

"கிளிப்புல நம்பர் ஏறுதேக்கா?"

"வா, நானும் ஏத்திக் காட்டறேன்."

பந்தலில் அஞ்சலாட்சியின் தம்பி செம்மல் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தான். எண் சறுக்கியது. "ஐயோ, மகாபாவி!" என்றது கூட்டம். சாமியார் தீர்த்தம் எடுத்தார். வெரோனிகா அவர் கையைத் தள்ளிவிட்டு, கடையில் வாங்கி வந்த டீயை நீட்டினாள்.

"குடிச்சிட்டு மூச்சு விடுடா."

எண் விறுவிறுவென்று ஏறியது.

"நம் அருள் டீயிலும் இறங்கியது" என்றார் சாமியார், கூசாமல்.

"அப்ப ஒண்ணும் குடிக்காம பாக்கறேன் சாமி" என்று செம்மல் மறுபடி அடக்கினான், எண் இறங்கியது. வெறுமனே மூச்சு விட்டான், ஏறியது. பந்தலே சிரித்தது.

அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. "எம் புருசன் பொழைப்பானான்னு நான் சாவறேன், நீ ஊசிய நிறுத்தச் சொன்னியேடா!" என்று பாய்வதற்குள் சாமியார் பந்தலின் பின்பக்கம் புகுந்து ஓடினார். நல்ல ஓட்டம். இளைக்கவேயில்லை!

அன்றே ஆட்டோ பிடித்து, பலராமனைக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஊசி மறுபடி தொடங்கியது. இரண்டு மாதம் ஆயிற்று; இப்போது அவன் கடற்கரை வரை நடந்து வந்து, மீனை மலிவாக விற்கிறாள் என்று அவளையே திட்டுகிறான். திட்டுவதற்கும் மூச்சு வேண்டுமே!

கண்ணுங்களா, செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்க்காமல் நீங்கள் ஒரு சங்கரா மீன் வாங்குவதில்லை. சாமியாரை மட்டும் ஏன் அப்படியே வாங்கிக் கூடையில் போட்டுக்கொள்கிறீர்கள்?