நியூட்ரல் வளையமும் என் நிக்காஹும்

கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு வேலைதான். சும்மா உட்கார்ந்திருப்பது. அதற்குப் படிப்பு வேண்டாம், அனுபவம் வேண்டாம். அதைக்கூட என்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை.

எழுபதுகளின் கடைசி. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு இறால் கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். (மூணாம் வகுப்போடு நின்ற ஆள். அந்த வார்த்தையை எழுதத் தெரியாது, சொல்லத் தெரியும்.) இறாலை உறைய வைத்துக் கப்பலில் ஏற்றுவார்கள். கரண்ட் போனால் இறால் போச்சு. முதலாளி ஒரு குஜராத்தி. சேட்டு என்போம். கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்திருந்தார். பின்பக்கம் கம்பி வேலி போட்ட முற்றத்தில் அது நிற்கும். பக்கத்தில் ஓர் அறை. அறைக்குள் இரும்பு அலமாரி. அலமாரியில் ரிலேக்கள். அவற்றைத் துடைப்பதும் பார்ப்பதும் என் வேலை.

அதில் ஒரு ரிலேதான் இந்தக் கதைக்கு வேண்டும். எங்கள் இன்ஜினியர் தாமஸ் சார் அதை எனக்கு விளக்கியிருந்தார். டிரான்ஸ்பார்மருக்குள் செம்புக் கம்பிச் சுற்று இருக்கிறது. அது எங்காவது பழுதாகி இரும்பைத் தொட்டால் கரண்ட் மண்ணுக்கு ஓடும். விட்டால் சுற்று எரிந்துவிடும். எரியும் முன்னே கண்டுபிடித்து எல்லாவற்றையும் அணைப்பது இந்த ரிலேயின் வேலை. எப்படிக் கண்டுபிடிக்கும்? வெளியே போகிற மூன்று லைனிலும் கரண்டை அளக்க ஒவ்வொரு வளையம். திரும்பி வருகிற நியூட்ரலில் ஒரு வளையம். போனதில் வந்ததைக் கழித்துப் பார்க்கும். மிச்சம் இல்லையென்றால் பேசாமல் இருக்கும். மிச்சம் இருந்தால் உள்ளே கேடு என்று அர்த்தம்.

"வெளியே எவன் வீட்டுல என்ன நடந்தாலும் இது அசையாது," என்றார் தாமஸ் சார். "வீட்டுக்குள்ளே கள்ளன் கேறினா மட்டும் குரைக்கிற பட்டி." (மலையாளத்தில் பட்டி என்றால் நாய்.)

இன்னொன்றும் சொன்னார். ரிலே வேலை செய்தால் அதன் கண்ணாடிக்குள் ஒரு சின்ன ஆரஞ்சுத் தகடு விழும். அதைக் கொடி என்போம். இந்த ரிலேயின் கொடி விழுந்தால் டிரான்ஸ்பார்மரைச் சோதிக்காமல் மறுபடி கரண்ட் போடக் கூடாது.

"என் அப்பன் வந்து சொன்னாலும் போடாதே."

சரி என்றேன். அவர் அப்பாவை எனக்குத் தெரியாது.

அப்போதுதான் கல்யாணம் கூடி வந்தது. பெண் பெயர் மைமூன். பெண்ணின் அத்தா யூதத் தெருவான ஜூ டவுனில் இஞ்சிக் கிட்டங்கியில் எடை போடுகிறவர். எடை போட்டுப் போட்டு அவருக்கு மனிதர்களையும் அப்படியே பார்க்கிற கண் வந்திருந்தது. என்னைப் பார்க்க வந்த அன்று சாயாவைத் தொடாமல் கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு என்ன ஜோலி?"

"டிரான்ஸ்பார்மர் பார்த்துக்கிறேன், மாமா."

"பார்த்துக்கிறதுன்னா?"

"கேடு வந்தா கரண்ட் தானா நிக்கும். அதைப் பார்த்துக்கிறேன்."

"கேடு வருமா?"

"வராது."

"அப்போ ஜோலியே இல்லையே."

என் அத்தா மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். (மூடுவது எனக்குச் சிரமமில்லை. திறந்ததுதான் தப்பு.)

கடைசியில் அவர் சொன்னார்: "பையன் பேச்சு கம்மி. ஜோலி நிரந்தரம். இந்த ரெண்டுக்காகத்தான் தர்றேன். ஜோலி போச்சுன்னா எனக்கு வேற யோசனை."

மைமூன் வீடு கம்பெனிக்குப் பின்சந்தில். பந்தலுக்கு நிறைய விளக்கு வேண்டும். சந்தில் இருந்த கரண்ட் ஒரு மின்விசிறிக்கே மூச்சு வாங்கும். சேட்டு மனமிரங்கினார். "காசிம் கல்யாணத்துக்கு என் வகையில கரண்ட்," என்றார். கம்பெனியிலிருந்து பந்தலுக்கு ஒரு லைன் இழுத்தோம். ஒலிபெருக்கிக்காரன் அதைக் கம்பெனியின் இரும்புக் கேட் மேல் போட்டுக் கொண்டு போனான். நான் பார்த்தேன். சொல்லலாம் என்று நினைத்தேன். மாப்பிள்ளை இதிலெல்லாம் தலையிட வேண்டாம் என்று அத்தா சொல்லிவிட்டார்.

சாயங்கால மஃரிபு தொழுகை முடிந்தது. பந்தல் முழுக்கச் சீரியல் பல்பு. நான் மாலை போட்டு, தோளில் பட்டுச் சால்வையோடு உட்கார்ந்திருந்தேன். நிக்காஹ் நடத்தி வைக்கிற உஸ்தாது மைக்கைத் தட்டிப் பார்த்தார். முன்வரிசையில் தாமஸ் சார், பிரியாணி வாசனை வந்த திசையைப் பார்த்தபடி. அப்போது ஐஸ் லாரி வந்திருக்கிறது. காவல்காரர் கேட்டைத் திறந்திருக்கிறார்.

டப் என்று ஒரு சத்தம். இருட்டு.

சந்தில் மற்ற வீடுகளிலெல்லாம் வெளிச்சம். அவர்களுக்கு வேறு லைன். இருட்டு எங்கள் பந்தலுக்கும் கம்பெனிக்கும் மட்டும். கம்பெனி கம்ப்ரசர் நின்றது எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை.

பந்தல் வயரில் கோளாறு என்றால் பந்தல் ஃபியூஸ் போகணும். அதோடு தீரணும். கம்பெனி ஏன் நிற்கிறது?

காவல்காரர் ஓடி வந்தார். "காசிமே, சேட்டு விளிக்கிறார்."

நான் எழுந்தேன்.

"மாப்பிள்ளை எங்கே போறார்?" என்றார் மாமனார்.

"ஜோலிக்கு," என்றார் காவல்காரர்.

அறையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கொடி விழுந்திருந்தது. எது விழவே கூடாதோ அது.

சேட்டு பின்னாலேயே வந்தார். "காசிம், போடு."

"போடக்கூடாது, சேட்டு."

"இறால்டா உள்ளே."

"உள்ளே கேடு இருக்கு. போட்டா சுற்று எரியும்."

"நான்தானே சொல்றேன்."

"தாமஸ் சாரோட அப்பா சொன்னாலும் போடக்கூடாது."

என் வாழ்க்கையில் முதலாளியை எதிர்த்து நின்றது அந்த ஒரு தடவைதான். மாலையோடு நின்றேன். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

தாமஸ் சார் வந்தார். பெட்ரோமாக்ஸ் விளக்கோடு மாமனாரும் வந்தார். கொடியைப் பார்த்ததும் தாமஸ் சார் முகம் மாறியது. காசிம் செய்தது சரி என்றார். சேட்டு சுவரில் சாய்ந்தார்.

"சுற்று போயிருந்தா கம்பெனியைப் பூட்டணும். புதுசு வர மாசக்கணக்காகும். எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

மாமனார் பெட்ரோமாக்ஸைத் தூக்கிப் பிடித்தார். "எல்லாரும்னா?"

"எல்லாரும்தான்."

மாமனார் என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். பிறகு பந்தல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "உஸ்தாது கொஞ்சம் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு ஜோலி இருக்கான்னு பார்த்துட்டு நிக்காஹ் வச்சுக்கலாம்."

இப்படியாக என் கல்யாணம் மெக்கர் கையில் போனது. மெக்கர் என்பது கைப்பிடி வைத்த ஒரு பெட்டி. சுற்றினால் உள்ளே கம்பிக்கும் இரும்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்று முள் காட்டும். கேபிள்களைக் கழற்றினோம். தாமஸ் சார் வயரைப் பிடித்தார். நான் சுற்றினேன். வேலிக்கு வெளியே கல்யாணக் கூட்டம் மொத்தமும் வந்து நின்றது. மாப்பிள்ளை மாலையோடு குந்தி உட்கார்ந்து ஒரு பெட்டியைச் சுற்றுகிறார். தென்காசியிலிருந்து வந்த என் சொந்தக்காரர்கள் இது பெண் வீட்டுச் சடங்கு என்று நினைத்துவிட்டார்கள். பெண் வீட்டார் தென்காசிச் சடங்கு என்று நினைத்தார்கள். மரியாதைக்காக யாரும் கேட்கவில்லை.

முள் நன்றாக நின்றது, தொடர்பு இல்லை. மறுபடி சுற்றினேன். மறுபடியும் நன்றாக நின்றது. டிரான்ஸ்பார்மரின் அடியிலிருந்து நான் பிடித்துக் கொடுத்த எண்ணெயை முகர்ந்தார் தாமஸ் சார். கருகல் இல்லை. மாமனாரும் வாங்கி முகர்ந்தார். விரலில் தேய்த்துப் பார்த்தார். இஞ்சியாக இருந்தால் விலை சொல்லியிருப்பார்.

"உள்ளே ஒரு கேடும் இல்லை," என்றார் தாமஸ் சார். "பின்னே இது எதுக்கு விழுந்துச்சு?"

டார்ச்சை எடுத்துக்கொண்டு டிரான்ஸ்பார்மரைச் சுற்றி வந்தார். நியூட்ரல் பக்கம் நின்றார்.

"எடோ. இங்க பச்சைப் பெயின்ட் அடிச்சது யாரு?"

"நான்தான் சார்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். புது குளிர் அறைத் திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், எல்லாம் பளிச்சென்று இருக்கணும் என்று சேட்டு சொல்லியிருந்தார். பளிச்சென்று ஆக்கியிருந்தேன்.

"பெயின்ட் அடிக்க வளையத்தைக் கழற்றினியா?"

"கழற்றித் துடைச்சு மாட்டினேன் சார்."

"இருந்த மாதிரியே மாட்டினியா?"

"இல்லே சார். சரி பண்ணி மாட்டினேன்."

தாமஸ் சார் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தார். "சரி பண்ணி," என்றார்.

"மூணு வளையத்துல எழுத்து வெளியே பார்த்து இருந்துச்சு சார். இது மட்டும் சுவரைப் பார்த்து இருந்துச்சு. வரிசை கெட்டுக் கிடந்துச்சு. வர்றவங்க என்ன நினைப்பாங்க. திருப்பிட்டேன்."

அவர் டார்ச்சை அணைத்தார். இருட்டில்தான் பேசினார். அது என் மேலுள்ள கருணை என்று பிறகு புரிந்தது. அந்த வளையம் சுவரைப் பார்த்துத்தான் இருக்கணுமாம். அப்போதுதான் ரிலே கழிக்கும். திருப்பி மாட்டினால் கூட்டும். வெளியே எங்காவது கரண்ட் மண்ணுக்குப் போனால் பேசாமல் இருக்க வேண்டிய நாய், போனதையும் வந்ததையும் சேர்த்து வைத்துக் குரைக்கும்.

"இத்தனை நாள் விழலையே சார்."

"இத்தனை நாள் வெளியே பெரிசா ஒண்ணும் நடக்கலை. இன்னைக்கு நடந்திருக்கு. எங்கேன்னு போய்ப் பாரு."

தேட வேண்டியிருக்கவில்லை. கேட்டில் வயர் தோலுரிந்து இரும்பில் ஒட்டிக் கருகியிருந்தது. என் கல்யாண விளக்குக்குப் போன வயர். நான் திருப்பிய வளையம். போடக்கூடாது என்று நானே மறித்த கரண்ட். வெளியாள் ஒருத்தன்கூட இதில் இல்லை.

மாமனார் கேட்டார்: "டிரான்ஸ்பார்மர் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு," என்றார் தாமஸ் சார்.

"அப்போ கேடு எங்கே?"

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கேடு எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்தது. மாலை போட்டிருந்தது.

சேட்டு நிமிர்ந்தார். "இவனை நாளைக்கே அனுப்பணும்."

மாமனார் விளக்கைக் கீழே வைத்தார். நான் மாலையைக் கழற்றலாமா என்று யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். வேலையும் பெண்ணும் ஒரே மூச்சில் போகிறது. செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மெக்கரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

"வேண்டாம் சேட்டு," என்றார் தாமஸ் சார். "இவன் இனி ஆயுசுக்கும் இந்த வளையத்தைத் தொடமாட்டான். புதுசா வர்றவன் தொடுவான். உங்களுக்கு எவன் வேணும்?"

சேட்டு வியாபாரி. லாப நஷ்டம் சீக்கிரம் தெரியும். என்னை மேலும் கீழும் பார்த்தார். "செரி. இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா?" என்றார் மாமனார். "நிரந்தரமா?"

"முன்னை விட நிரந்தரம்," என்றார் தாமஸ் சார்.

மாமனார் அப்போதும் அசையவில்லை. அவர் மனத்தராசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பெண்கள் பக்கத்திலிருந்து மைமூனின் சின்னம்மா வேலியருகே வந்தார்.

"மச்சான், மைமூன் கேட்டுட்டு வரச் சொன்னா. மெஷின் சரியாச்சுன்னா அவரைக் கை கழுவிட்டு வரச் சொல்லணுமாம். சோறு ஆறுதாம்."

மாமனார் விளக்கை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு நடந்தார். அதுதான் சம்மதம்.

தாமஸ் சார் பக்கத்தில் நிற்க வளையத்தைத் திருப்பினேன். எழுத்து சுவர்ப் பக்கம். "இப்படியா சார்?" "அப்படி." கேபிள்களை மாட்டினோம். பந்தல் லைனை வெட்டிவிட்டுக் கரண்ட் போட்டோம். கம்ப்ரசர் ஓடியது. இறால் பிழைத்தது.

நிக்காஹ் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தது. டிரான்ஸ்பார்மர் எண்ணெய் சோப்புக்குப் போகாது. மாமனார் என் வலது கையைப் பிடித்து மகளைத் தருகிற வார்த்தையைச் சொல்ல வேண்டும். கை வழுக்கியது. விட்டுவிட்டு வேட்டியில் துடைத்து மறுபடி பிடித்தார். மறுபடியும் வழுக்கியது. மூன்றாவது தடவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேகமாகச் சொல்லி முடித்தார்.

கல்யாணமான முதல் வாரம் வீட்டில் ஒரு காலண்டர் மாட்டினேன். மைமூன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அதுவரை என்னிடம் அதிகம் பேசியதில்லை.

"தாமஸ் சார்கிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

அன்று ஆரம்பித்தது. கடிகாரம் மாட்டினால் கேட்பாள். தலையணைக்கு உறை போட்டால் கேட்பாள். பிள்ளைகள் தாமஸ் சார் யார் என்று தெரிவதற்கு முன்பே அந்தக் கேள்வியைக் கற்றுக்கொண்டார்கள். இடப்பள்ளியில் மகள் வீடு கட்டினாள். வாசலில் பெயர்ப்பலகை மாட்ட ஏணியில் ஏறிய மருமகனை அவளும் அதையே கேட்டிருக்கிறாள். அவர் ஏணியிலேயே நின்று, அது யாரு, ஆர்க்கிடெக்டா என்றாராம்.

தாமஸ் சார் காலமாகி நாளாகிவிட்டது. போன மாதம் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குக் கிளம்பினேன். சட்டையின் தையல் வெளியே தெரிந்திருக்கிறது. மைமூன் வாசலில் மறித்தாள். சட்டையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"சரி பண்ணிப் போட்டீங்களோ?" என்றாள்.

உள்ளே போய்க் கழற்றித் திருப்பிப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. சரியாகத்தான் இருந்தது.