கோலுக்குப் போட்ட கட்டு

பாஷெதுவுக்குப் பதவிப் பித்து என்று எதிர்வீட்டு ஹூன்ரோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாளே, அது சுத்தப் பொய். பதவி வந்தவனுக்குத்தானே பித்துப் பிடிக்கும்? இவருக்கு எங்கே வந்தது?

இவர் வேறு ரகம். பதவி வருமுன்பே அதற்கான கோலைச் செய்து வைத்துக்கொள்ளும் ரகம். அரசருக்குக் கல்லறை குடையும் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இப்படி உண்டு.

கல்லறையின் இடப்பக்கத்து வேலையைப் பார்க்கும் இடப்புறக் குழுவின் தலைவர் செத்து, உடம்புக்குத் துணி சுற்றிக்கூட முடியவில்லை. அதற்குள் சுவருக்குச் சாந்து பூசும் நம் பாஷெது, நல்ல கருவேலங்கம்பாகப் பார்த்து வாங்கி, இழைத்து, எண்ணெய் தேய்த்து, ‘இடப்புறத் தலைவர் பாஷெது’ என்று செதுக்கியும் வாங்கிவிட்டார். அப்புறம் அந்தக் கோல் இல்லாமல் அவரால் தும்மக்கூட முடியவில்லை. வெங்காயம் வேண்டுமா, கோலால் சுட்டுவார். கழுதைமேல் தண்ணீர் வந்தால் கோலைத் தட்டி வரிசையை ஒழுங்கு செய்வார். சாப்பிடும்போது அதற்கும் பக்கத்தில் ஒரு பாய். யார் எதைக் கேட்டாலும், மேலிடத்தில் பேசியாகிவிட்டது என்பதுதான் பதில்.

மேலிடத்து ஆணை வந்தது. தலைவர், ஹூன்ரோவின் மருமகன் நெப்ரே.

பொய்ப் பட்டம் எழுதிய கோல் அவன் கண்ணில் பட்டால் முதுகில் அடி விழும், வேலையும் போகும். பாஷெதுவின் மனைவி வாபெத் கத்தியை எடுத்து நீட்டினாள்.

“பேரை விட்டுட்டு பட்டத்தை மட்டும் சுரண்டிடுங்க.”

“எழுதினதை அழிச்சா, செத்தவங்க போற அந்த மேற்குல நான் யாருடி? வெறும் பூச்சுக்காரன்.”

“இங்க மட்டும் யாராம்?”

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கோல் அவரோடு கல்லறைக்குப் போகும். எழுத்தில் உள்ளபடிதான் அங்கே மரியாதை. ஆயிரம் வருஷம் கழித்து யாராவது எடுத்துப் படித்தாலும் தலைவர் என்றுதானே நம்புவார்கள்? ஹூன்ரோவா போய்ச் சாட்சி சொல்லப்போகிறாள்?

கோலை வீட்டில் விட்டுப் போகலாமே என்கிறீர்களா? நீங்கள் கையை வீட்டில் விட்டுப் போவீர்களா?

வேலைக்குக் கிளம்பும் காலையில் வாபெத் ஒரு பழைய துணியை எடுத்தாள். அதைக் கிழித்து, எழுத்தின்மேல் இறுக்கிச் சுற்றி, முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். பாஷெது வாசல் தாண்டினார். எதிரே நெப்ரே.

“கோலுக்கு என்னாச்சு, மாமா?”

“அடி பட்டிருக்கு. ஆறிடும்.”

“பதமா ஊனுங்க” என்று சொல்லிவிட்டுத் தன் கோலை ஊன்றி நடந்தான் நெப்ரே. அதிலும் தலைவர் பட்டம் செதுக்கியிருந்தது. ஆணை வந்து இரண்டே நாள்; எழுத்தோ கைபட்டுக் கைபட்டு மழுங்கிக் கிடந்தது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அது சரி, உங்கள் வீட்டு மூலையில் துணி சுற்றி ஒன்று நிற்கிறதே, அது என்ன?