முறத்தில் ஒரு சாகுபடி

விதை போடுமுன் மண்ணைச் சோதித்துக்கொள்ளச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வீட்டுக்காரரைச் சோதித்துக்கொள்ளச் சொல்ல எனக்கு ஒருவரும் வாய்க்கவில்லை.

அப்போது எனக்குக் குடவாசலில் தாலுகா ஆபீஸ் கிளார்க் வேலை. புதுக் கல்யாணம். மனைவி வசந்தா குன்னூரில் வளர்ந்தவள். வீடு கிடைத்ததும் வருவதாக ஏற்பாடு. அலைந்து திரிந்ததில் மிராசுதார் ஒருவர் தம் வீட்டின் முன்பகுதியை வாடகைக்குக் கொடுத்தார். அவள் வந்து இறங்கும்போது அவள் ஊர் ஸ்வீட் பீ, பட்டாணி ஜாதிப் பூக்கொடி, ஜன்னலில் வரவேற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. (மலைப் பூ நம் வெயிலில் வருமா என்று கேட்காதீர்கள். புது மாப்பிள்ளைக்குத் தட்பவெப்பம் தெரியாது.)

மச்சான் தபாலில் விதை அனுப்பினான். நகவெட்டியால் ஒவ்வொன்றின் தோலையும் லேசாகக் கீறி, ராத்திரி ஊறவைத்து, பழைய பேப்பரைக் குழாயாகச் சுருட்டி மண் நிரப்பி, குழாய்க்கு ஒரு விதை ஊன்றி, முறத்தில் வரிசையாக நிறுத்தினேன். வெளியே ஐப்பசி மழை என்பதால் எல்லாம் வீட்டுக்குள்ளேயே. முளைத்ததும் நடவு முடிந்த வயல் மாதிரி நின்றது. அந்தப் பெருமையில் ஜன்னலை விரியத் திறந்து வைத்தேன்.

உழுதவனுக்கே உரிமை என்று ஊரெங்கும் பேச்சாக இருந்த காலம் அது. மிராசுதாரின் வயலில் பாதியைக் குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரில் பதிந்துகொண்டிருந்தார்கள். பச்சையாக எதைப் பார்த்தாலும் மனிதருக்குப் பின்னால் ஒரு குத்தகைக்காரன் தெரிவான். என் ஜன்னலைப் பார்த்தவர் நேரே போய், ஊர் நிலக்கணக்கு எழுதும் கர்ணத்தைக் கூட்டிவந்துவிட்டார்.

"வீட்டுக்குள்ள என்ன தம்பி சாகுபடி?"

பூச்செடி என்றேன். கர்ணம் குனிந்து பார்த்து, பட்டாணி என்று தீர்ப்புச் சொன்னார். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் நான் வேடிக்கையாகப் பேசுகிறவன் என்று எனக்கு ஓர் எண்ணம்.

"கவலைப்படாதீங்க ஐயா. பூத்ததும் உங்களுக்குப் பாதி தந்துடறேன்."

மிராசுதார் இரண்டடி பின்வாங்கினார். "வாரம் பேசுறான். கேட்டுக்கிட்டீங்கள்ல, கர்ணம்?"

(விளைச்சலில் பாதி கொடுப்பதுதான் வாரம். அப்படிக் கொடுத்து உழுகிறவனை அப்புறம் லேசில் அசைக்க முடியாது. ஆபீஸில் நாள் முழுக்க இதே காகிதங்களைப் புரட்டியவன் நான்.) விடிந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

வசந்தா வந்ததும் அந்த விடியலில்தான். அவள் கண்டது: தெருவில் பெட்டி, பெட்டிமேல் நான், என் மடியில் முறம். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஒரு குழாயைத் தூக்கிப் பார்த்தாள்.

"வெளிச்சம் பத்தலை. நெடுநெடுன்னு போயிடுச்சு" என்றாள்.

பிறகு எல்லா நாற்றையும் ஒன்று விடாமல் பிடுங்கினாள். கைப்பிடியாகச் சேர்த்து, வாசலில் நின்ற மிராசுதாரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க மாமா, பயிர் பூரா உங்களுக்கே. எங்களுக்கு இருக்க இடம் போதும்."

அவர் நாற்றையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். பெட்டியை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். அந்த வீட்டில்தான் எங்கள் மகள் பிறந்தாள். பெயர் வைத்தவரும் அவர்தான்.

இப்போது தஞ்சாவூரில் சொந்த வீடு. பத்திரம் வசந்தா பெயரில். நான் ஒரு தயிர்க் கிண்ணத்தில் தக்காளி விதை ஊன்றினால் போதும், மகள் மாடியிலிருந்து குரல் கொடுப்பாள்:

"அம்மா, அப்பா சாகுபடி ஆரம்பிச்சுட்டார். வேர் பிடிக்கிறதுக்குள்ள வந்து பிடுங்கிடு."