வெளிச்சத்துக்குக் குறுக்கே

யுத்தம் நடந்த காலத்தில் ஒரு வாரம், எங்கோ தொலைதூரத்து நட்சத்திரமொன்றைச் சுற்றும் கோளில் உயிர் இருக்க இடமுண்டு என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அதே வாரம், கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்த பாலசுந்தரம் வாத்தியாரில் உயிர் இருக்க இடமில்லை என்று ஆளிருப்பு உறுதிப்பாட்டுத் திணைக்களம் அறிவித்தது. இரண்டு அறிவிப்புகளும் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடுதான் செய்யப்பட்டன.

நடந்தது இவ்வளவுதான். வீட்டுவேலைக்கு நின்ற மயிலம்மா, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, சட்டைப்பையைத் தடவிப் பார்க்காமல் துவைத்துவிட்டாள். அடையாள அட்டைக்குள் தண்ணீர் போய் வாத்தியாரின் முகம் கரைந்துவிட்டது. அட்டை இல்லாத தமிழன் காலி வீதி என்ற பெருந்தெருவில் கால் வைத்தால் அன்றிரவு படுக்கை பொலிஸில்தான். ஆகவே மனிசன் பல்கணியைத் தாண்டவில்லை. புது அட்டை கேட்டு எழுதினால், அவருடைய யாழ்ப்பாணத்து ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டதாம். அங்கே மனித சீவியம் இல்லை என்று கோப்புச் சொல்கிறதாம். சீவியமில்லாத ஊர்க்காரருக்குச் சீவன் எப்படி இருக்கும்?

மனைவி சரோஜினிதேவி இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆளில்லை. நடைபாதையில் துணி விற்கத் தொடங்கி, கடை பிடித்து, மாடிவீடு வாங்கினவள். சந்தையில் கறிவேப்பிலையைச் சும்மா வாங்கிவிட்டு, அதிலும் இன்னொரு இணுக்குக் கேட்பாள். மனிசனை ஓட்டோவில் துணிமூட்டைகளுக்கு நடுவில் இருத்தித் திணைக்களத்துக்குக் கொண்டுபோனாள்.

அங்கே அந்த மாதம் விண்வெளி மோகம். அமைச்சருக்குப் பிடித்துவிட்டதால் எல்லாத் திணைக்களங்களுக்கும் பிடித்துவிட்டது. சுவர் முழுக்கக் கோள்கள். குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே, ‘அங்கே தண்ணீர் உண்டா?’ என்று பெரிய படம். குழாயில் இல்லை.

உதவி ஆணையாளர் இராஜநாயகத்தின் கழுத்துப்பட்டி முழுக்க நட்சத்திரங்கள்.

“ஐயா, இவர்தான் பாலசுந்தரம். உயிரோட நிக்கிறார். பாத்துட்டு எழுதித் தாங்கோ,” என்றாள் சரோஜினிதேவி.

“அம்மா, நேரில பாத்ததை வைச்சு எழுத எனக்கு அதிகாரமில்லை.”

“கண் இருக்கோ இல்லையோ?”

“கண் இருக்கு. சுற்றறிக்கை இல்லை.”

“அப்ப அந்தக் கோளில உயிர் இருக்கெண்டு ஒட்டி வைச்சிருக்கிறியளே, போய்ப் பாத்தனீங்களோ?”

இராஜநாயகத்தின் முகம் மலர்ந்தது. “நல்ல கேள்வி! உயிர் இருக்கலாம் எண்டுதான் சொல்லுறம். கோளையே ஆரும் கண்ணால காணேல்லை. அது குறுக்கால போகேக்க நட்சத்திரத்தின்ர வெளிச்சம் ஒரு சொட்டு மங்கும். கருவி அதைப் பதியும். அதுதான் விஞ்ஞானம். இப்பிடி நேர வந்து மேசைக்கு முன்னால நிக்கிறது விஞ்ஞானமில்லை.”

“அப்ப இவரும் ஒரு வெளிச்சத்துக்குக் குறுக்கால போனால்?”

உதவி ஆணையாளர் கண்ணை மூடி யோசித்தார். “அரசாங்க வெளிச்சமா இருக்கவேணும். அரசாங்கமே பதிஞ்சிருக்கவேணும். மூண்டு தரம். ஒருக்கால் எண்டால் வேற ஏதும் குறுக்கிட்டிருக்கலாம்.”

“ரெண்டாக்குங்கோ.”

“இது சர்வதேச முறை, அம்மா!”

“ரெண்டுக்கு மேல ஒரு சதமும் இல்லை.” பழக்கதோஷம்.

“விஞ்ஞானப்படி மூண்டுதான் சரி,” என்றார் பாலசுந்தரம் மெல்ல.

“நீங்கள் வாயை மூடுங்கோ! உயிரில்லாத ஆள் கதைக்கக்கூடாது.”

அன்று பொழுதுபட்டதும் காலி வீதிச் சோதனைச் சாவடியில் பெரிய விளக்கைப் போட்டார்கள். வாத்தியார் சாரத்தை இறுக்கிக்கொண்டு அதற்குக் குறுக்கே நடந்தார். ஆமிக்காரன் கொட்டாவி விட்டான். திரும்பி நடந்தார். விசில் ஊதினான். எதிர்ப்பக்கத்தில் சரோஜினிதேவி நின்றாள். ஆமிக்காரனின் துவக்கு நிமிர்ந்ததைக் கண்டாள். ஆனாலும் விரல் மடித்து எண்ணுவதை விடவில்லை. மூன்றாவது நடையின் பாதியில் நாலுபேர் பாய்ந்து அவரை அமுக்கினார்கள்.

“முழுசா நடக்க விடுங்கோ! பாதியை அவங்கள் எண்ணமாட்டாங்கள்!” என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

பொலிஸார் நேர்மையாகப் பதிந்தார்கள்: பெயர் நிச்சயமில்லாத ஆண், உயிருடன், சந்தேகத்துக்கிடமான நடமாட்டம், மூன்று தடவை. மறுநாள் மனிசனை வெளியே எடுத்த கையோடு சரோஜினிதேவி கொண்டுபோய் நீட்டிய பிரதியைப் படித்த இராஜநாயகம் எழுந்து நின்று பாலசுந்தரத்துக்குக் கைகொடுத்தார். தமிழனுக்கு உயிர் இருக்கிறது என்பதில் பொலிஸுக்கு மட்டும் ஒருநாளும் ஐயம் வந்ததில்லை.

அட்டை வந்தது. சரோஜினிதேவி அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள்.

“அம்மா,” என்றாள் மயிலம்மா, “எனக்கும் ஒரு அட்டை எடுத்துக் குடுங்கம்மா. வந்த நாள்லருந்து கேட்கிறேன். வேணும்னா நானும் அந்த லைட்டுக்கு முன்னாடி நடக்கிறேன்.”

“உனக்கு என்னத்துக்கடி? குசினியில இருந்து பல்கணிக்குப் போக அட்டை வேணுமோ? அதுக்கு அலையிறதுக்கு எனக்கு நேரமிருக்கோ?”

அடுத்த நாள் காலை பொலிஸ் சார்ஜன்ட் வந்தார். உயிரோடிருப்பதாகப் பதியப்பட்டவர் சொன்ன விலாசத்தில்தான் உயிரோடிருக்கிறாரா என்று பார்க்கவேண்டுமாம். யன்னலோரக் கதிரையில் அமர்ந்து, மடியில் தாளை விரித்தார்.

“வீட்டிலே எத்தனை ஆள்?” உடைந்த தமிழில் கேட்டார்.

அட்டையில்லாத ஒருத்தியைச் சொன்னால் எவ்வளவு கரைச்சல் என்று சரோஜினிதேவி ஒரு கணத்தில் கணக்குப் பார்த்தாள்.

“ரெண்டே ரெண்டு பேர், மஹத்தயா. நானும் இவரும்.”

மயிலம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். சார்ஜன்ட் குடித்தார். பாலசுந்தரம் குடித்தார். சரோஜினிதேவி சீனி காணாது என்றாள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோப்பைகளை எடுக்க மயிலம்மா யன்னலுக்கு முன்னால் போனாள், வந்தாள், மறந்த கரண்டிக்காக மறுபடியும் போனாள். தாளில் ‘இரண்டு’ என்று எழுதிக்கொண்டிருந்த சார்ஜன்ட் கண்ணைச் சுருக்கினார்.

“அங்கால தள்ளி நில்லடி,” என்றாள் சரோஜினிதேவி. “வெளிச்சம் மங்குது.”