மேட்டை நம்பாத கட்டையார்

பிள்ளைகளே, ஜொகூர் முழுவதும் தேடினாலும் கட்டையாரைப் போல மேட்டைக் கண்டு பயந்த மனிதர் கிடைத்திருக்க மாட்டார். எங்கள் ரப்பர் தோட்டத்து லாரி மேட்டில் நின்றால், சக்கரத்துக்குப் பின்னால் முட்டுக்கட்டை வைப்பது அவர் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். வேலை முடிந்தாலும் கட்டையை விடமாட்டார். தன் கல்யாணத்தன்று மணப்பலகைக்குக்கூட ஒரு கட்டை வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பெண் வீட்டார் முறைத்தார்கள். அவர் அசையவில்லை. பலகையும் அசையவில்லை.

"சமதரையில லாரியோட கனம் முழுசும் மண்ணை அமுக்கும் தம்பி. மேட்டுல அதுல ஒரு பங்கு பின்னால இழுக்கும். மேடு நிமிர நிமிர அந்தப் பங்கும் கூடும். அங்க லாரி நிக்கல, தொங்குது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

ஒரு மழைக்காலக் காலையில் உங்கள் அம்மாவுக்குத் தலைப்பிரசவ வலி கண்டது. கோத்தா திங்கி ஆஸ்பத்திரிக்குப் போக, ரப்பர் ஷீட் ஏற்றிய லாரிதான் இருந்தது. செம்மண் மேட்டில் பாதி ஏறியதும் பின்சக்கரம் வழுக்கி, நின்ற இடத்திலேயே சுழன்றது. கட்டையார் குதித்து ஓடிக் கட்டை வைத்தார். அம்மா முன்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கூட வந்த கிராணி, தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுபவர், நல்ல பருமன். "சரக்கை இறக்குங்க லா! கனம் குறைஞ்சா ஏறிடும்" என்று கத்தினார். இறக்கினோம். சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்று எங்கள் முகத்தில் சேற்றை அடித்தது.

கட்டையார் தலையில் அடித்துக்கொண்டார். "அலமாக்! கனம் பின்னால இழுக்குது, நெசந்தான். ஆனா கனம் அமுக்கினாத்தானே சக்கரம் மண்ணைப் பிடிக்கும்? பின்சக்கரத்துக்கு மேல கனம் வேணும். ஐயா, நீங்க ஏறுங்க!"

"நான் கிராணிடா!"

"அதுக்கில்லீங்க. உங்க உடம்புக்குத்தான்."

ஷீட்டுகளை மறுபடி ஏற்றி, லாரியின் பின்பக்கமாக அடுக்கினோம். அதன்மேல் கிராணி உட்கார்ந்தார். கட்டையார் சக்கரத்தடியில் மரக்கிளைகளை வெட்டிப் பரப்பினார். லாரி உறுமிக்கொண்டு ஏறியது. ஆனால் அதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது.

அம்மா பிழைத்தாள். உங்களுக்கு மூத்தவன் பிழைக்கவில்லை.

அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுத் திரும்பும்போது, அந்த மேட்டின் உச்சியில் கட்டையார் லாரியை நிறுத்தச் சொன்னார். என் மடியில் துணி சுற்றிக் கிடந்த பிள்ளைக்காகக் கை நீட்டினார்.

"வழுக்குது தம்பி. அவனை என்கிட்ட குடு. நான் நடந்தே கொண்டாறேன்."

அவ்வளவு மெதுவாக ஒரு மனிதர் இறக்கத்தில் நடந்து நான் பார்த்ததில்லை.