ஒன்பது குளிர்காலத்து மூக்கு

"இதுல என்ன வாசனை வருது?"

"உன் அம்மா வீட்டு அலமாரி வாசனை."

"எந்த அலமாரி?"

"போர்வை அடுக்கி வெச்சிருப்பாங்களே, அது. கதவைத் திறந்ததும் முகத்துல அடிக்கும்."

"நல்ல வாசனையா, கெட்ட வாசனையா?"

"அவங்க இருந்தப்போ கெட்ட வாசனை. இப்போ பரவாயில்ல."

வெர்லின் பல்லர்ட் அதை அப்படியே அட்டையில் எழுதிக்கொண்டான். சமையலறை மேசையில் ஆறு கண்ணாடிக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு விரல் உயரத்துக்குப் போர்பன் விஸ்கி. எதிரே அவன் மனைவி நடீன், தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போன நீல உடுப்பைக்கூட மாற்றாமல், ஒவ்வொரு கோப்பையாக எடுத்து முகர்ந்துகொண்டிருந்தாள். முப்பத்து நான்கு வருட மணவாழ்க்கையில் ஒரு சொட்டு மதுவை அவள் நாக்கில் வைத்ததில்லை. அவள் சபையில் அது பாவம். முகர்வதும் பாவமா என்று போதகரைக் கேட்கலாமென்று நினைத்தாள். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று விட்டுவிட்டாள்.

"அடுத்தது?"

"தச்சுப் பட்டறை. பக்கத்துல யாரோ சர்க்கரையைத் தீய விட்டிருக்காங்க."

"இது?"

"பல் டாக்டர்."

"பல் டாக்டரா?"

"கிராம்புத் தைலம் வெச்சு அடைப்பாரே, அந்த வாசனை. வெர்லின், பேசாம அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடேன்."

"சொன்னா நான் வேன் ஓட்டணும்."

ஜனவரி இரண்டாவது வாரம் வெர்லினுக்குச் சளி பிடித்தது. போகும்போது அது அவன் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து கரியாகிக்கொண்டிருக்க, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் விஷயம் தெரிந்தது. மாடியிலிருந்து நடீன் ஓடி வந்தாள். மூன்று வாரத்திலும் திரும்பி வரலாம், மூன்று மாதத்திலும் வரலாம் என்றார் டாக்டர். அதைச் சொல்ல அவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

வேறொருவனுக்கு இது சின்ன நஷ்டம். வெர்லினுக்கு அப்படி இல்லை.

அவர்கள் ஊரான பார்ட்ஸ்டவுனில் கோடைக்காலம் பீருக்கானது. முதல் உறைபனி விழுந்ததிலிருந்து பிப்ரவரி முடியும் வரை, வியாழன் மாலை ஐந்து மணிக்கு, வெர்லினையும் சேர்த்து ஆறு பேர் கொண்ட போர்பன் சங்கம் கூடும். ஊரில் ஈமக்கிரியை நிலையம் நடத்தும் க்ளெட்டஸ் ஹேகனின் பின்னறைதான் இடம். எந்த மனைவியும் சொல்லாமல் கொள்ளாமல் எட்டிப்பார்க்காத ஒரே இடம் அதுதான். பாட்டில்களைப் பழுப்புக் காகிதப் பைக்குள் மறைத்து, பையின் மேல் எண் மட்டும் எழுதி வைப்பார்கள். கோப்பையை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுவார்கள். ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே சவ வண்டியின் கறுப்புக் கூரைமேல் பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருக்கும். உள்ளே, கோதுமை கலந்த போர்பன் மெத்தென்று இறங்குகிறதா, ரை தானியம் கலந்தது சுள்ளென்று பிடிக்கிறதா என்று பேச்சு நடக்கும். யாருக்கும் அவசரம் இருக்காது.

குளிர்காலத்தின் கடைசியில் சாராய ஆலைக்குப் போய் ஒரு முழுப் பீப்பாயைத் தேர்ந்தெடுத்துச் சங்கத்தின் பேரில் பாட்டிலில் அடைப்பார்கள். லேபிளின் அடியில், தேர்ந்தெடுத்தவர் என்று ஒரே ஒரு பெயர் வரும். ஒன்பது குளிர்காலமாக அந்தப் பெயர் வெர்லின் பல்லர்ட்.

சங்கத்துக்கு இன்னொரு விதியும் உண்டு. மூக்குப் போனவன் வேன் ஓட்ட வேண்டும். மற்றவர்கள் குடிப்பார்கள், அவன் இனிப்புத் தேநீர் குடித்துவிட்டு எல்லோரையும் வீட்டில் இறக்கிவிடுவான். வெர்லினுக்கு முன்னால் பெயர் போட்டுக்கொண்டிருந்த ஹோமர் அப்படித்தான் மூன்று வருடம் ஓட்டினார். அவர் இறந்தபோது, நல்ல ஓட்டுநர் என்று க்ளெட்டஸ் இரங்கல் உரையில் சொன்னார். மூக்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

முதல் வியாழக்கிழமை வெர்லின் நடீனின் வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டு போனான். எந்த ஆறு பாட்டில்கள் வரும் என்பது முன்கூட்டியே தெரியும். பைக்குள் இருந்தாலும், கோப்பையில் ஊற்றியதும் நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பது திட்டம். ஆனால், இறந்தவர்களின் முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று க்ளெட்டஸ் எல்லா அறையிலும் இளஞ்சிவப்பு விளக்குப் போட்டிருந்தார். அந்த வெளிச்சத்தில் ஆறும் ஒரே நிறமாக, ரொம்ப ஆரோக்கியமாகத் தெரிந்தன.

வெர்லின் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டே போனான். நான்கு கோப்பை தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் புகழ்ந்தால் சந்தேகம் வருமே என்று ஐந்தாவதைக் கையில் எடுத்ததும் முகத்தைச் சுளித்தான்.

"ஈரக் கம்பளி. இதையெல்லாம் யார் காசு குடுத்து வாங்குறது?"

க்ளெட்டஸ் பையை உருவினார்.

"மச்சான்," என்றான் நடீனின் தம்பி ராஸ்கோ. டயர் கடை வைத்திருப்பவன். ஒன்பது குளிர்காலமாக இரண்டாவது இடத்தில் இருப்பவன். "நீதான் வாங்குற. இது உன்னோட போர்பன். போன வருஷம்கூட, நான் செத்தா இதைத்தான் கூட வெக்கணும்னு இவர்கிட்ட சொல்லி வெச்சே."

"எழுதிக்கூட வெச்சிருக்கேன்," என்றார் க்ளெட்டஸ்.

வெர்லின் பெருமூச்சு விட்டான். "தெரிஞ்சுதான் சொன்னேன். இந்த வருஷச் சரக்கு கெட்டுப்போச்சு. பெத்த பிள்ளையைப் பத்திச் சொல்ற மாதிரி இருக்கு எனக்கு."

ஐந்து பேரும் தங்கள் கோப்பையை மறுபடி எடுத்து முகர்ந்தார்கள்.

"ஆமா," என்றார் க்ளெட்டஸ் மெதுவாக. "கம்பளிதான்."

"கம்பளிக்கு அடியில ஒரு நாயும் படுத்திருக்கு," என்றார் அவர் பக்கத்திலிருந்தவர்.

ஒருமனதாக அந்த போர்பனைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதன்பிறகு வெர்லினால் தனக்குப் பிடித்த பாட்டிலை உள்ளூர்க் கடையில் தைரியமாகக் கேட்டு வாங்க முடியவில்லை. இருபது மைல் தள்ளிப் போய், தொப்பியை இறக்கி விட்டுக்கொண்டு வாங்கினான். வாங்கி வந்து குடித்தாலும் வெந்நீர் மாதிரிதான் இருந்தது.

பேசினால்தானே வம்பு என்று அடுத்த வியாழக்கிழமை வாயைத் திறப்பதில்லை என முடிவு செய்தான். கோப்பையை மூக்கருகில் கொண்டுபோவான், ஜன்னலைப் பார்ப்பான், ஒரு புருவத்தை உயர்த்துவான், "ம்ம்" என்பான். மற்றவர்கள் தங்கள் கோப்பையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவன் புருவத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"இடது புருவம் மேல போச்சுன்னா ரை," என்று ஒருவர் இன்னொருவரிடம் கிசுகிசுத்தார்.

"ரெண்டும் போச்சே?"

"அப்போ ரொம்ப வயசான ரை."

கிளம்பும்போது க்ளெட்டஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வெர்லின், இன்னிக்கு மாதிரி நீ பேசினதே இல்லப்பா."

மூன்றாவது வியாழக்கிழமை நடீன் ஊரில் இல்லை. லூயிவில்லில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போயிருந்தாள். வெர்லின் கொட்டகையில் தொங்கிய தடித்த மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்து சேர்ந்தான். கதவைத் திறந்ததும் ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். மரியாதை கூடிவிட்டது என்று அவன் நினைத்தான். இரண்டு பேர் ஜன்னலைத் திறந்தார்கள். வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே எட்டு டிகிரி.

"கொட்டகையில ஸ்கங்க் ஏதாச்சும் பூந்துச்சா?" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டார் க்ளெட்டஸ். தொழில்முறையில் எத்தனையோ நாற்றங்களைப் பார்த்தவர் அவர். அவர் கண்ணிலேயே நீர் வந்திருந்தது.

வெர்லினுக்கு அப்போதுதான் புரிந்தது. மாசி மாதக் குளிரில் ஜோடி தேடி அலையும் அந்தப் பிராணி, வாலைத் தூக்கி அவன் மேலங்கியில் தன் நாற்ற நீரைப் பீய்ச்சிவிட்டுப் போயிருக்கிறது. அவன் நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வேணும்னுதான் போட்டுட்டு வந்தேன். நல்ல காத்துல யார் வேணா மோப்பம் பிடிக்கலாம். இந்த நாத்தத்தைத் தாண்டி ஒரு போர்பன் பேசினா, அதுதான் போர்பன். ஊத்துங்க."

ராஸ்கோ ஜன்னலை இன்னும் அகலத் திறந்தான். பிறகு க்ளெட்டஸ் ஊற்றினார். அன்று மாலை ஆறு பேரும் கண்ணீர் வழிய ஆறு போர்பன்களை ஒப்பிட்டார்கள். முடிவில் க்ளெட்டஸ் எழுந்து, தொண்டையைச் செருமினார்.

"இந்த வருஷம் பீப்பாய்க்கு ஓட்டெடுப்பு வேண்டாம். வெர்லின் ஒருத்தன் சொன்னாப் போதும்."

எல்லோரும் கை தூக்கினார்கள். ராஸ்கோவும் தூக்கினான், பாதி. வாசலில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து எதிர்ப்பக்கமாக நின்றுகொண்டு மச்சானைப் பிடித்தான்.

"உன் மூக்கு எங்க மச்சான்?"

"முகத்துலதான்."

"அது தெரியுது. நடீன் அக்கா போன்ல ஒண்ணும் சொல்லல. அவ ஒண்ணுமே சொல்லலேன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம். சனிக்கிழமை ஆலையில உன் பக்கத்துலயேதான் நிப்பேன். மூணு கிளாஸ் குடுப்பாங்க. எதுல என்ன இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லணும், புருவமெல்லாம் செல்லாது. சொல்லலேன்னா வேன் சாவியை நானே உன் கையில குடுக்குறேன்."

வெர்லின் வீட்டுக்குப் போய்க் காரமான கடுகு விழுதை ஒரு கரண்டி எடுத்து விழுங்கினான். அடைப்பு உடையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கண்ணில் நீர் வந்தது, மூக்கு வரவில்லை. நாக்கும் வெந்துபோனது. வெள்ளிக்கிழமை நடீன் திரும்பியதும் அவளைக் கெஞ்சினான்.

"ஒரே ஒரு மணி நேரம். பின்னாடி நின்னு என் காதுல சொல்லிட்டா போதும்."

"சமையலறையில முகர்றது வேற, ஆலைக்குப் போய் வரிசையில நிக்கிறது வேற. போதகர் கார் அந்த வழியாத்தான் போகும். முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டிக் கொளுத்து."

சனிக்கிழமை மதியம் கிடங்குக்குள் மூச்சு விட்டால் புகையாக வந்தது. ஏழு அடுக்கு உயரத்துக்குப் பீப்பாய்கள் இருட்டில் தூங்கிக்கொண்டிருந்தன. ஆலையில் வேலை பார்க்கும் டார்லா, கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டிருந்த ஒல்லியான பெண், பீப்பாயிலிருந்து சாராயத்தை உறிஞ்சி எடுக்கும் நீளமான செப்புக் குழாயோடு அடுக்குகளுக்கு இடையில் போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டில் கோப்பைகளோடு திரும்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஒட்டியிருந்தது. ஆளுக்கு ஒரு வரிசை.

"பார்த்துச் சொல்லுங்க," என்றாள்.

"ரெண்டு," என்றான் ராஸ்கோ உடனே. "மிளகு தூக்குது. சுத்தமான ரை."

"மூணுல செர்ரிப் பழம் இருக்கு," என்றார் க்ளெட்டஸ். "ஒண்ணு கொஞ்சம் இளசு. இன்னும் ரெண்டு கோடையாவது தூங்கணும்."

"ஒண்ணா இளசு? ஒண்ணுதான் இருக்கிறதுலயே பெரியவர்!"

"உன் நாக்குல டயர் வாசனை போகவே இல்ல ராஸ்கோ."

"உங்க நாக்குல பொணமே இருக்கு."

சண்டை முற்றி, களைத்து, அடங்கியது. பிறகு எல்லோரும் வெர்லினைப் பார்த்தார்கள். அவன் ஒன்றைக் குடித்தான். இரண்டைக் குடித்தான். மூன்றைக் குடித்தான். புருவம் தானாக எழும்பப் பார்த்தது.

"வாயால," என்றான் ராஸ்கோ.

வெர்லின் மூன்று கோப்பைகளையும் திரும்பத் திரும்ப முகர்ந்தான். இளஞ்சிவப்பு விளக்கும் இல்லை, நடீனும் இல்லை. ஐந்து முகங்கள் நம்பிக்கையோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த நம்பிக்கை அவனுக்குத் திடீரென்று அலுத்துப்போனது. ஹோமர் நினைவுக்கு வந்தார். அவர் இதே இடத்தில்தான் கோப்பையைக் கீழே வைத்திருப்பார் என்று தோன்றியது. அவனும் வைத்தான்.

"எனக்குத் தெரியல," என்றான். "மூணுக்கும் நடுவுல ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியல. மிளகு, செர்ரி, இளசு, பெரிசு, ஒண்ணும் இல்ல. இந்த மூணும் எனக்கு ஒண்ணேதான். இதுக்கு மேல என்னால நடிக்க முடியாது."

க்ளெட்டஸ் தொப்பியைக் கழற்றினார். அவர் அதை எந்தெந்தச் சமயத்தில் கழற்றுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். ராஸ்கோ சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து, மச்சானின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மென்மையாக மூடிவிட்டான்.

டார்லா தட்டைக் கீழே வைத்தாள்.

"பதினோரு வருஷமா இங்க வர்ற ஒவ்வொருத்தருக்கும் முதல் சுத்துல ஒரே பீப்பாய்லேருந்துதான் சார் மூணு கிளாஸையும் ஊத்திக் குடுக்குறேன், அதைக் கண்டுபிடிச்ச முதல் ஆள் நீங்கதான், எங்க ருசி பாக்குற குழுவுல ஒரு நாற்காலி ரொம்ப நாளா காலியா கிடக்கு, திங்கட்கிழமை காலைல வந்து உட்கார முடியுமா?"