ஆஜர் அண்ணாச்சியும் கரண்டுப் பலகையும்

எமனே வந்தாலும் வாசலில் நிறுத்தி, "பேரைச் சொல்லிட்டு உள்ள வாரும்" என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஆஜர் அண்ணாச்சிதான். எண்பதுகளின் தொடக்கத்தில், சங்கரன்கோவிலில் நான் குடோன் கிளார்க்காக இருந்த நூல் மில்லில் அவர் மெக்கானிக்.

அங்கே ஒரு கரண்டுப் பலகை உண்டு. குடோன் மேடைக்கும் லாரிக்கும் நடுவே பாலமாக விழும் கனத்த இரும்புத் தகடு. பட்டனை அமுக்கினால் எண்ணெய்ப் பம்ப் அதைத் தூக்கும். அதற்குச் சீக்கு வந்தால் அண்ணாச்சி கல்யாண வீட்டுச் சடங்குபோல வரிசை மாறாமல் ஆரம்பிப்பார். லாரியைத் தள்ளி நிறுத்தச் சொல்வார். தூக்கிய பலகைக்கு அடியில் இரும்பு முட்டுக் கொடுப்பார். ஃபியூஸைப் பிடுங்கி வேட்டி மடியில் கட்டிக்கொள்வார். முட்டு அசைகிறதா என்று நன்றாக உதைத்துப் பார்த்த பிறகே பலகைக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குவார். "ரெண்டு நிமிஷ வேலைக்கு எதுக்குய்யா இவ்வளவும்?" என்று மானேஜர் ஒருநாள் கேட்டார். "ரெண்டு நிமிஷம் கீழ வாரும், சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி. மானேஜர் அந்தப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார்.

வேலை முடிந்தால் ஆஜர். மேடையில் வேலை செய்யும் ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிடுவார். எல்லோரும் குரல் கொடுத்தால்தான் மடியிலிருந்து ஃபியூஸ் வெளியே வரும்.

இதில் சிக்கல் லோடுமேன் செல்லையா. கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் அவர் துண்டு போட்டுப் பிடித்த சீட்டில், துண்டுமேலேயே அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. ஆஜருக்குச் செல்லையா பக்கத்து ஆளிடம், "நிக்கேன்னு அவருட்ட சொல்லுலே" என்பார். பக்கத்து ஆள் சொல்லுவார்.

ஒருநாள் தூக்கிய பலகை தானாகத் தாழ்ந்துகொண்டே இருந்தது. தூத்துக்குடிக்குப் போகவேண்டிய லோடு. கப்பலுக்கு நேரமாச்சு என்று டிரைவர் குதித்தார். எண்ணெய் கசிந்த ஹோஸை மாற்றிவிட்டு, அண்ணாச்சி மேலே வந்து கை கழுவி, ஆஜர் எடுத்தார். செல்லையா பெயருக்குப் பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். இல்லை. டீக்குப் போயிருப்பார், கோபத்தில் நிற்பார் என்று ஆளுக்கொன்று சொன்னோம்.

"ஃபியூஸைப் போடும் வே. கப்பல் நமக்காக நிக்காது" என்றார் டிரைவர்.

ஃபியூஸைப் போட்டுப் பட்டனை அமுக்கி, பலகை கொஞ்சம் உயர்ந்தாலே முட்டு சரிந்துவிடும். அப்புறம் பலகை இறங்கும்போது கீழே யார் இருந்தாலும் அதோடு சரி.

"அவன் சத்தம் கேக்காம போட மாட்டேன்" என்று அண்ணாச்சி மேடையிலேயே சம்மணம் போட்டுவிட்டார்.

டிரைவர் திட்டித் தீர்த்து ஓய்ந்த நேரத்தில், குழிக்குள்ளிருந்து ஒரு தும்மல். பஞ்சுத் தூசி. தவறி விழுந்த வெற்றிலைப் பையை எடுக்க, அண்ணாச்சி கை கழுவப் போன சமயம் பார்த்து இறங்கிய செல்லையா, முட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"கூப்பிட்டது கேக்கலியாவே?" என்றார் டிரைவர்.

"கேட்டுது. இங்கன யாருட்ட சொல்லி விட?"

சிரிக்க வாயெடுத்த நாங்கள் அண்ணாச்சியைப் பார்த்து நிறுத்திக்கொண்டோம். ஃபியூஸ் இருந்த மடி முடிச்சை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். செல்லையாவும் மேலே ஏறி வந்து அதைத்தான் பார்த்தார்.

அண்ணாச்சி முதல் பெயரிலிருந்து மறுபடி ஆஜர் எடுத்தார். செல்லையாவின் முறை வந்தது. பக்கத்து ஆள் பழக்கத்தில் காதை நீட்டினார். செல்லையா அவரைப் பார்க்கவில்லை.

"இருக்கேன் அண்ணாச்சி."

அண்ணாச்சி அடுத்த பெயருக்குப் போகவில்லை. அதே பெயரை இன்னொரு தடவை கூப்பிட்டார்.